ரிவர்ஸ் லைட் எரியவில்லை என்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 14 ஆண்டுகள் ஓடிய, ஐந்து கியர் கொண்ட சிறிய பெட்ரோல் கார். சில வாரங்களாக ரிவர்ஸ் கியர் போட்டால் பின்பக்க வெள்ளை விளக்குகள் இரண்டுமே எரிவதில்லை. வெளியில் வாங்கிப் பொருத்திய பார்க்கிங் சென்சாரும் ஒலி எழுப்புவதில்லை. பல்புகளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பணிமனையில் காட்டினால், ஸ்விட்ச் கியர்பாக்ஸுக்குள் இருப்பதாகவும், கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற முடியும் என்றும் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உண்மையிலேயே இது அவ்வளவு பெரிய வேலையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. கிளட்ச் பிளேட் மாற்றுவதற்குத்தான் கியர்பாக்ஸை இறக்குவார்களே தவிர, ரிவர்ஸ் ஸ்விட்சுக்காக யாரும் இறக்குவதில்லை. மேனுவல் கியர் உள்ள பெரும்பாலான கார்களில் இந்த ஸ்விட்ச் கியர்பாக்ஸின் வெளிச்சுவரில், ஒரு போல்ட்டைப் போல வெளியிலிருந்தே திருகப்பட்டிருக்கும்; அதன் நுனியில் உள்ள சிறு குமிழ் மட்டுமே உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ரிவர்ஸ் கியர் விழும்போது உள்ளே நகரும் தண்டு அந்தக் குமிழை அழுத்த, ஸ்விட்சுக்குள் இருக்கும் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு, இக்னிஷனிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் 12 வோல்ட் மின்சாரம் பின்விளக்குகளுக்குச் செல்கிறது.

இரண்டு பல்புகளும் ஒரே சமயத்தில் கருகிப்போவது அரிது. மேலும், வெளியில் வாங்கிப் பொருத்தும் சென்சார்கள் வழக்கமாக ரிவர்ஸ் லைட்டின் வயரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்பவை. அதுவும் சேர்ந்து அடங்கிவிட்டது என்பதிலிருந்தே, கோளாறு பல்புகளுக்கு முன்னால், அதாவது ஃபியூஸ், ஸ்விட்ச், இடைப்பட்ட வயர் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் இருக்கிறது என்று தெரிகிறது. முதலில் ஃபியூஸைப் பாருங்கள். கையேட்டில் அதன் இடம் குறிப்பிடப்பட்டிருக்கும்.

ஃபியூஸ் சரியாக இருந்தால் ஸ்விட்சைத் தேட வேண்டும். எஞ்சின் குறுக்காக அமர்ந்துள்ள முன்சக்கர இயக்கக் கார்களில் கியர்பாக்ஸ் பெரும்பாலும் இடப்பக்கத்தில், பேட்டரித் தட்டுக்கும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் கீழே இருக்கும். அங்கே இரண்டு வயர்கள் சென்று முடியும் சிறு கப்ளர், அதாவது ஸ்விட்சில் செருகப்பட்டிருக்கும் வயர் இணைப்பான்தான் நீங்கள் தேடுவது. சிக்னலில் தானாக நின்று கிளம்பும் வசதியுள்ள கார்களில் நியூட்ரலைக் கண்டறியும் ஸ்விட்ச் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கக்கூடும் என்பதால், வயர்களின் நிறத்தைக் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள்.

கப்ளரைக் கழற்றியதும் அதன் உட்புறத்தைக் கவனியுங்கள். பின்களில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் மழைநீர் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். பல கார்களில் காண்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைப்பதோடு வேலை முடிந்துவிடும். வயரின் மேலுறையை எலி கடித்திருக்கிறதா என்பதையும் சற்று தூரத்துக்குத் தடவிப் பாருங்கள். தெருவில் நிறுத்தப்படும் கார்களில் இது நாம் நினைப்பதைவிட அதிகம்.

அடுத்ததுதான் முடிவான சோதனை. காரைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை இயக்காமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். கப்ளரின் வயர்ப் பக்கத்தில் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயர்த் துண்டால் இணையுங்கள்; அது காரின் உடம்பில் பட்டால் ஃபியூஸ் போய்விடும் என்பதால் கவனம் தேவை. இப்போது விளக்குகள் எரிந்தால் வயரிங்கில் குறையில்லை, ஸ்விட்ச்தான் போய்விட்டது. எரியாவிட்டால் புது ஸ்விட்ச் வாங்குவது வீண் செலவு. மல்டிமீட்டர் இருப்பவர்கள் ஸ்விட்சின் இரண்டு பின்களிலும் வைத்துப் பார்க்கலாம்: ரிவர்ஸில் தொடர்பு கிடைக்க வேண்டும், மற்ற கியர்களில் கிடைக்கக் கூடாது. இந்தச் சோதனையை உங்கள் கண்ணெதிரில் செய்துகாட்டாமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் காரை ஒப்படைக்காதீர்கள்.

மாற்றும் வேலை எளிது. ஸ்விட்சைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் முதலில் துடைத்துவிடுங்கள். இல்லையேல் கழற்றும்போது அது கியர்பாக்ஸுக்குள் விழும். ஸ்பேனர் அளவு 19, 22, 24 எனக் காருக்குக் கார் மாறும். ஸ்விட்ச் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருந்தால் எதுவும் ஒழுகாது. கீழே இருந்தால் கழற்றிய நொடியிலேயே கியர் ஆயில் வழியத் தொடங்கும். ஆகவே கீழே ஒரு தட்டை வைத்து, புது ஸ்விட்சைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, பழையதை எடுத்தவுடன் புதியதைச் செருகிவிட வேண்டும். சில கியர்பாக்ஸ்களில் ஸ்விட்சுக்கும் தண்டுக்கும் இடையில் தனியாக ஒரு சிறு பின்னோ எஃகுக் குண்டோ இருக்கும். அது வெளியே விழுந்துவிட்டால் திரும்ப வைக்காமல் விடக் கூடாது.

பலரும் அலட்சியம் செய்வது வாஷரைத்தான். அது எண்ணெய்க் கசிவைத் தடுப்பதோடு, குமிழ் எவ்வளவு ஆழத்துக்கு உள்ளே நிற்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. தடித்த வாஷர் போட்டால் தண்டு குமிழை எட்டாது, விளக்கு எரியாது; வாஷரே இல்லாவிட்டால் குமிழ் எப்போதும் அழுந்தியபடி இருந்து விளக்கு அணையாமல் போகலாம். எனவே ஸ்விட்சோடு வரும் அதே தடிமனுள்ள புது வாஷரையே போடுங்கள். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். கியர்பாக்ஸின் உடல் அலுமினியம் என்பதால், ஸ்பேனரில் பலத்தைக் காட்டினால் மரை அழிந்துவிடும். அதன் பிறகு ஆகும் செலவு ஸ்விட்சின் விலையைப் போலப் பல மடங்கு. கையேட்டில் உள்ள இறுக்க அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணெய் வழிந்திருந்தால் கையேட்டில் சொல்லியுள்ள ரகத்தையே ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

காருக்கு அடியில் படுத்துத்தான் எட்ட முடியும் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் உள்ளே போகாதீர்கள். ஸ்டாண்டு கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: ரிவர்ஸ் ஸ்விட்சை மாற்றிச் சில மாதங்களே ஆன நிலையில் மீண்டும் பழுதாகிவிட்டது. மலிவான பொருள் வாங்கியதுதான் காரணமா? காரில் ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் பாடும் ஹாரனும், பளிச்சென்று எரியும் கூடுதல் விளக்கு ஒன்றும் பொருத்தியிருக்கிறேன்.
– வாசகர், சேலம்

பதில்: காரணத்தை உங்கள் கடைசி வரியிலேயே எழுதிவிட்டீர்கள். வழக்கமான ரிவர்ஸ் பல்பு ஒன்று 21 வாட். இரண்டுக்கும் சேர்த்து 42 வாட், அதாவது ஏறக்குறைய 3.5 ஆம்பியர் மின்சாரம் அந்தச் சிறு தகடுகளின் வழியாகச் செல்கிறது. அதன்மேல் ஹாரனையும் கூடுதல் விளக்கையும் ஏற்றினால், ஒவ்வொரு முறை தொட்டு விலகும்போதும் தகடுகளில் பொறி பறந்து, அவை கருகி, நாளடைவில் தொடர்பே கிடைக்காமல் போகும். விலை கூடிய ஸ்விட்சைப் போட்டாலும் இதே கதிதான், சற்றுத் தாமதமாக வரும். கூடுதல் சாதனங்கள் கட்டாயம் வேண்டும் என்றால், அவற்றுக்குப் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு ஒரு வயர் இழுத்து, இடையில் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வையுங்கள். ரிவர்ஸ் ஸ்விட்ச் அந்த ரிலேவை இயக்கினால் போதும். பாரம் முழுவதையும் ரிலே தாங்கிக்கொள்ளும். பாட்டு ஹாரன் தேவைதானா என்பதை உங்கள் தெருவாசிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் காரில் எந்தக் கியரில் போனாலும் ரிவர்ஸ் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. இதற்கும் ஸ்விட்ச்தான் காரணமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் ஆம். இக்னிஷனை ஆன் செய்துவிட்டு ஸ்விட்சின் கப்ளரைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால், ஸ்விட்சின் குமிழ் உள்ளேயே சிக்கியிருக்கிறது அல்லது தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புதியது போட வேண்டும். கழற்றிய பிறகும் எரிந்தால் எங்கோ வயர்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன என்று பொருள். அண்மையில் ஸ்விட்சை மாற்றியிருந்தால், வாஷரை மறந்துவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இந்தக் குறிப்புகள் பொருந்தா: அவற்றில் பலவற்றில் பார்க்கிங், நியூட்ரல், ரிவர்ஸ் எல்லாவற்றையும் ஒரே சென்சார் கவனிக்கிறது, அதைக் கழற்றிப் பொருத்தும்போது நிலையைச் சரியாகப் பொருத்தாவிட்டால் கார் ஸ்டார்ட் ஆவதிலேயே சிக்கல் வரும். சரிபார்த்து முடியும்வரை இரவில் காரை எடுக்க நேர்ந்தால் கப்ளரைக் கழற்றியே வைத்திருங்கள். பின்னால் வருபவர், நீங்கள் பின்னோக்கி வருவதாக எண்ணித் தடுமாற மாட்டார்.