வாடகை வீடு என்றால் தத்தெடுக்க விடமாட்டார்களா?

தங்கச்சி, களுவாஞ்சிகுடியில் வாடகை வீட்டில் இருப்பதால் தத்தெடுப்பவர்களின் வீட்டைப் பார்த்து விசாரிக்க வரும் நன்னடத்தை உத்தியோகத்தர் மறுத்துவிடுவாரோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். சொந்த வீடு வேண்டும் என்று இலங்கைச் சட்டத்தில் இல்லை. வயது 25 ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் அந்த உத்தியோகத்தர் வருமானம், உடல்நலம், நீங்கள் இருவரும் ஒருமனதாக இருக்கிறீர்களா என்பதையெல்லாம் விசாரிப்பார். சுவர் வெடிப்பை மறைக்கப் பெயின்ட் அடித்து மினக்கெட வேண்டாம். முற்றத்துக் கிணற்றுக்குக் கட்டு இல்லையென்றால் அதை முதலில் கட்டுங்கள், தவழும் பிள்ளை வரப்போகிற வீடு.

அப்புறம், காசு கொடுத்தால் பிள்ளை எடுத்துத் தருவதாக ஒருவர் சொன்னார் என்றீர்களே, அது வேண்டவே வேண்டாம். அது குற்றம். மாவட்ட நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பிள்ளை சட்டப்படி உங்களுடையது ஆகாது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.