ஒரே கார், ஒரே கண்ணாடி, மூன்று விலை

வாசகர் கேள்வி – பதில்: இந்த இதழில் காரின் முன் கண்ணாடி

கேள்வி: ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் போனபோது கல் தெறித்து முன் கண்ணாடியில் குறுக்காக விரிசல் விட்டுவிட்டது. ஷோரூமில் ஒரு விலை சொன்னார்கள். கார் கண்ணாடி மட்டும் மாற்றுகிற கடையில் அதில் முக்கால் பங்கு. எங்கள் ஊர்க் கடையில் பாதிக்கும் கீழே. எது நியாயம்? – வாசகர், நாமக்கல்

பதில்: மூன்று பேரும் மூன்று வேறு சாமான்களுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் இந்த வித்தியாசம். ஷோரூமில் போடுவது கார் கம்பெனியின் முத்திரை உள்ள கண்ணாடி. ஆனால் கார் கம்பெனிகள் கண்ணாடி செய்வதில்லை; அசாஹி இந்தியா, செயின்ட் கோபெய்ன் செக்யூரிட் மாதிரியான கண்ணாடிக் கம்பெனிகள்தான் செய்து கொடுக்கின்றன. அதே கம்பெனிகள் கார் முத்திரை இல்லாமல், தங்கள் பெயரிலேயே வெளி மார்க்கெட்டுக்கும் கண்ணாடி தருகின்றன. உங்களுக்கு முக்கால் விலை சொன்ன கடையில் பெரும்பாலும் அதைத்தான் போடுவார்கள், அதை வாங்க யோசிக்கவே வேண்டாம். மூன்றாவது கடையில், "எந்தக் கம்பெனி, மூலையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கண்ணாடியின் கீழ் மூலையில் தயாரித்தவர் பெயர், ஐஎஸ் 2553 என்ற எண், லாமினேட்டட் என்ற சொல் எல்லாம் பொறித்திருக்கும். அது இல்லாத கண்ணாடியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மலிவான கண்ணாடியில் வளைவு சரியாக இல்லாவிட்டால் எதிரே வரும் லைட்டும் ரோட்டுக் கோடும் நெளிந்து தெரியும். ராத்திரியில் நாமக்கல் – சேலம் ரோட்டில் அப்படி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், கண் என்ன பாடுபடும் என்று தெரியும்.

உங்கள் கார் எது என்று எழுதவில்லை, ஆனால் விலையில் பாதியை அதுதான் முடிவு செய்கிறது. ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் மாதிரி தெருவுக்கு நாலு ஓடுகிற வண்டி என்றால் எல்லா ஊரிலும் கண்ணாடி ஸ்டாக்கில் இருக்கும், போட்டியில் விலையும் இறங்கும். விற்பனை நின்றுபோன வண்டி என்றால், ஷெவர்லே 2017 கடைசியில் போன மாதிரி, கண்ணாடியைத் தேடுவதே ஒரு வேலை. முழுதாக வெளிநாட்டிலிருந்து வரும் வண்டி என்றால் கண்ணாடியும் கப்பலில்தான் வரவேண்டும்.

அப்புறம், ஒரே மாடலிலேயே டாப் வேரியன்ட்டுக்கும் பேஸ் வேரியன்ட்டுக்கும் கண்ணாடி வேறு. மழை சென்சார் இருக்கிறதா, சத்தம் குறைக்கிற அகௌஸ்டிக் கண்ணாடியா, வெயில் சூட்டைத் தடுக்கிற பச்சைக் கண்ணாடியா, மிரருக்குப் பின்னால் கேமரா இருக்கிறதா, இவை ஒவ்வொன்றும் விலையை ஏற்றும். போனில் விலை கேட்கும்போது மாடல் பெயர் மட்டும் சொல்லாமல் ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பரையும் கொடுங்கள். இல்லாவிட்டால் சென்சார் இல்லாத கண்ணாடிக்கு விலை சொல்லிவிட்டு, வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு "சார், இது வேற கண்ணாடி" என்பார்கள்.

கடைசியாக, சொன்ன விலையில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். ஓரத்து மோல்டிங், கிளிப்புகள், ஒட்டுகிற பேஸ்ட், கூலி, 18 சதவீத ஜிஎஸ்டி இதெல்லாம் சேர்த்தா, தனியா? மலிவாகத் தெரிகிற விலை பல சமயம் இவற்றைச் சேர்க்காத விலைதான்.

கேள்வி: கண்ணாடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நட்சத்திரம் மாதிரி ஒரு தெறிப்பு. மெக்கானிக் அண்ணன் மாற்றியே ஆகவேண்டும் என்கிறார். வேறு வழி இல்லையா? – வாசகி, மதுரை

பதில்: இருக்கிறது, உடனே போனால். முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்கிற பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து ஒட்டியது. கல் பட்டால் பெரும்பாலும் வெளித் தகடு மட்டும்தான் அடிவாங்கும். அந்தப் பள்ளத்தில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ரெசினை இறக்கி, புற ஊதா விளக்கில் காயவைத்துவிட்டால் விரிசல் ஓடாது. உற்றுப் பார்த்தால் லேசாக ஒரு தடம் தெரியும், அவ்வளவுதான். புதுக் கண்ணாடி விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

ஆனால் டிரைவரின் நேர் பார்வையில் இருந்தாலோ, ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்தாலோ, உள் தகடு வரை போயிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். உள்ளே இருந்து விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், தட்டுப்பட்டால் உள் தகடும் போயிருக்கிறது. கடைக்குப் போகும்வரை அதன்மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டி வையுங்கள், வண்டியைக் கழுவ வேண்டாம். அழுக்கும் தண்ணீரும் உள்ளே போய்விட்டால் ரெசின் பிடிக்காது. முக்கியமாக, மத்தியான வெயிலில் நின்ற வண்டியில் ஏறியவுடன் ஏசியை முழு வேகத்தில் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடாதீர்கள். சூடான கண்ணாடியில் சட்டென்று குளிர் பட்டால் அந்த நட்சத்திரத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி கண் முன்னாலேயே ஒரு ஜாண் ஓடும்.

கேள்வி: இன்சூரன்ஸில் க்ளைம் செய்வதா, கைக்காசு போடுவதா? ஐந்து வருஷமாக ஒரு க்ளைமும் இல்லை. – வாசகர், சேலம்

பதில்: இதைக் கணக்குப் போடாமல் முடிவு செய்யாதீர்கள். "இன்சூரன்ஸ் இருக்கே, எதுக்கு சார் கைக்காசு" என்று கடைக்காரர் சொல்வார். அவருக்கு எப்படியும் பணம் வந்துவிடும், க்ளைம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் போனஸ் தள்ளுபடியை இழப்பது நீங்கள்.

முதலில் பாலிசியைப் பார்ப்போம். உங்களிடம் இருப்பது தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் கண்ணாடிக்கு ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசி என்றால் நல்ல செய்தி, கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள், கண்ணாடிக்கு அந்தக் கழிவு இல்லை. அதாவது ஜீரோ டெப் என்கிற, தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர் எடுக்காதவர்களுக்கும் கண்ணாடியின் விலை முழுதாக வரும், மோல்டிங் ரப்பரில்தான் கொஞ்சம் கைவிட்டுப் போகும். பேஸ்ட் மாதிரி சாமான்கள் பாலிசிக்குப் பாலிசி மாறும். இது போக, 1500 சிசி வரை உள்ள காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேல் என்றால் 2,000 ரூபாயும் ஒவ்வொரு க்ளைமிலும் நீங்கள் கட்டாயம் கட்ட வேண்டும்.

இப்போது போனஸுக்கு வருவோம். ஐந்து வருஷம் க்ளைம் இல்லை என்றால் உங்களுக்கு 50 சதவீத நோ க்ளைம் போனஸ் கிடைக்கும். கண்ணாடிதானே என்று நினைத்து ஒரு க்ளைம் போட்டால் அது அடுத்த வருஷம் பூஜ்யமாகிவிடும். அங்கிருந்து 20, 25, 35, 45, 50 என்று மறுபடி ஏற வேண்டும். ஒரு பேச்சுக்கு, சொந்த சேதத்துக்கான பிரீமியம் போனஸ் கழிக்கும் முன் 8,000 ரூபாய், அது மாறாது என்று வைத்துக்கொள்வோம். க்ளைம் இல்லையென்றால் வருஷா வருஷம் 4,000 கட்டுவீர்கள். க்ளைம் போட்டால் முதல் வருஷம் 8,000, அப்புறம் 6,400, 6,000, 5,200, 4,400. கூடுதலாகக் கட்டுவது 4,000, 2,400, 2,000, 1,200, 400, ஆக மொத்தம் 10,000 ரூபாய். நிஜத்தில் வண்டிக்கு வயதாக ஆக பிரீமியம் கொஞ்சம் இறங்கும், அதனால் நஷ்டமும் கொஞ்சம் குறையும், ஆனால் கணக்கு போடுகிற முறை இதுதான்.

ஆக, கண்ணாடி செலவு மொத்தம் 7,000 என்றால், 1,000 போக இன்சூரன்ஸில் வரப்போவது 6,000. அதற்காக 10,000-ஐ விடுவானேன்? கைக்காசு போட்டுவிடுங்கள். அதே செலவு 35,000 என்றால் தயங்காமல் க்ளைம் போடுங்கள். போன தடவை பாலிசி புதுப்பித்தபோது போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவர் எடுத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை, பாலிசியை எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள்.

க்ளைம் போடுவதாக முடிவு செய்தால், உடைந்த கண்ணாடியைக் கழற்றும் முன்பே கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். போட்டோ கேட்பார்கள் அல்லது சர்வேயர் வருவார். கழற்றிக் குப்பையில் போட்ட கண்ணாடிக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

கேள்வி: என் புது எஸ்யூவிக்குக் கண்ணாடி மாற்றியதில், கேமரா காலிப்ரேஷன் என்று தனியாக ஒரு பெரிய தொகை போட்டிருக்கிறார்கள். இது உண்மையிலேயே தேவையா, பில்லை ஏற்றும் வேலையா? – வாசகர், கோவை

பதில்: தேவை. எக்ஸ்யூவி 700, ஆஸ்டர் எல்லாம் 2021-ல் வந்த பிறகு அடாஸ் என்கிற டிரைவர் உதவி வசதி நம் ஊரிலும் பரவலாகிவிட்டது. லேன் மாறினால் எச்சரிப்பது, முன்னால் வண்டி வந்தால் தானாக பிரேக் போடுவது, இதற்கெல்லாம் கண் மாதிரி இருப்பது கண்ணாடிக்குப் பின்னால் மிரருக்குப் பக்கத்தில் உள்ள கேமரா. கண்ணாடியை மாற்றினால் அது பார்க்கும் கோணம் ஒரு துளியாவது நகரும். ஒரே ஒரு டிகிரி தப்பினால் 50 மீட்டர் தள்ளி கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் தப்பும். பக்கத்து லேனில் போகிற பைக்கை உங்கள் லேனில் போவதாக எடுத்துக்கொண்டு, வேகமாகப் போகையில் வண்டி தானாக பிரேக் போட்டால் என்ன ஆகும்?

கேமராவின் கோணத்தைத் திரும்பச் சரியாக செட் செய்வதுதான் காலிப்ரேஷன். சமதளமான தரையில் வண்டியை நிறுத்தி, அளந்த தூரத்தில் கட்டம் போட்ட பலகை வைத்து ஸ்கேனர் கருவியோடு செய்வது ஒரு முறை. கோடு தெளிவாக உள்ள ரோட்டில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வது இன்னொரு முறை. எது என்பதை மாடல்தான் சொல்லும், சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். செய்தோம் என்று வாயால் சொன்னால் போதாது, ஸ்கேனர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் க்ளைம் என்றால் இந்தச் செலவையும் மதிப்பீட்டில் ஆரம்பத்திலேயே எழுத வைக்க வேண்டும், பிறகு சேர்ப்பது கஷ்டம். கேமராவே இல்லாத பேஸ் மாடலுக்கு இந்தக் கட்டணத்தை யாராவது போட்டால் மட்டும் சண்டை போடுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவதாகக் கடையில் சொல்கிறார்கள். உடனே ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாற்றுகிற வேலை ஒரு மணி நேரத்தில் முடியும், பேஸ்ட் காய்வது வேறு. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது எனக்கு சந்தோஷம், ஏனென்றால் எல்லோரும் கண்ணாடி விலையைத்தான் பேரம் பேசுகிறார்கள், பேஸ்ட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நல்ல ஃபிட்டர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மெல்லிய கம்பியை ஓரத்தில் விட்டு, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் நின்று இழுத்து இழுத்துப் பழைய பேஸ்ட்டை அறுப்பார்கள். பாடியில் ஒட்டியிருக்கும் பழைய பேஸ்ட்டை அடியோடு சுரண்ட மாட்டார்கள், ஓரிரு மில்லிமீட்டர் விட்டுச் சீவுவார்கள், அதன்மேல் புதியது நன்றாகப் பிடிக்கும். பெயின்ட் கீறியிருந்தால் பிரைமர் அடிப்பார்கள், இல்லாவிட்டால் அங்கே துரு பிடிக்கும். பிறகு புதுக் கண்ணாடியின் கறுப்பு ஓரத்தைத் துடைத்து பிரைமர் தடவி, யூரித்தேன் பேஸ்ட்டை எங்கேயும் விட்டுப்போகாமல் ஒரே கோடாக இழுத்து, உறிஞ்சிப் பிடிக்கும் கைப்பிடிகளால் கண்ணாடியைத் தூக்கி ஒரே தடவையில் உட்கார வைப்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன் அவசரத்தில் ஒரு சின்ன கடையில் நான் மாற்றினேன். நாள் முழுக்க வெயில், ஒன்றும் தெரியவில்லை. முதல் மழையில் டிரைவர் பக்க மேட்டைத் தூக்கினால் கார்பெட் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. ஓரத்தில் யூரித்தேனுக்குப் பதில் சாதாரண சிலிக்கான் பூசியிருந்தார்கள். மறுபடி கழற்றி மறுபடி ஒட்டி, மிச்சம் பிடித்த பணத்தைப்போல் இரண்டு மடங்கு போனது. தண்ணீர் ஒழுகியதோடு போயிற்றே என்று இப்போதும் நினைக்கிறேன். விபத்தில் பக்கத்து சீட் ஏர்பேக் விரியும்போது பல கார்களில் கண்ணாடியில் மோதித்தான் ஆளைத் தாங்கும். வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. ஒட்டு பிடிக்காத கண்ணாடி இரண்டுக்கும் உதவாது.

ஆகவே பேஸ்ட் டியூபில் காலாவதி தேதி பாருங்கள், எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்று அதிலேயே எழுதியிருப்பதைப் படியுங்கள், அதுவரை கடையிலேயே வண்டி நிற்கட்டும். முதல் ஓரிரு நாள் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், கதவை அறைந்து சாத்தினால் உள்ளே காற்று அமுங்கி ஒட்டு நகரும். பிரஷர் வாஷ் வேண்டாம்.

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய மாருதி 800. கண்ணாடி கிடைக்குமா? – வாசகர், காரைக்குடி

பதில்: தயாரிப்பு 2014-லேயே நின்றாலும் கிடைக்கும், விலையும் குறைவு. ரப்பர் பீடிங்கில் உட்காருகிற கண்ணாடி அது, பேஸ்ட் இல்லை. பீடிங் பள்ளத்தில் கயிறு விட்டு உள்ளிருந்து இழுத்துப் பொருத்தத் தெரிந்த பழைய ஃபிட்டரிடம் கொடுங்கள். காய்ந்து வெடித்த பழைய பீடிங்கையே திரும்பப் போடச் சொல்லாதீர்கள், புதியது வாங்கிவிடுங்கள், ஒழுகுவது அங்கேதான்.

கேள்வி: பழைய கண்ணாடியில் உள்ள ஃபாஸ்டேக்கை உரித்துப் புதியதில் ஒட்டலாமா? – வாசகி, செங்கல்பட்டு

பதில்: முடியாது, உரித்தால் உள்ளே இருக்கும் ஆன்டெனா கிழிந்துவிடும். டேக் கொடுத்த வங்கியில் மாற்று டேக் கேளுங்கள், கணக்கில் உள்ள பணம் அப்படியே இருக்கும். கண்ணாடி மாற்றும் தேதி தெரிந்தவுடன் கேட்டுவிடுங்கள், பரனூர் டோலில் டேக் இல்லாமல் நின்று ரொக்கமாக இரட்டிப்புக் கட்டணம் கட்ட வேண்டியிருக்காது.