உயர்தரத்தில் இந்து நாகரிகம் எடுத்த மலையக மாணவி, கலைப்பீடத்தில் சமயத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாமா, துணைப் பாடமாக வைத்தால் போதுமா?

பாடசாலையில் சைவநெறியும் இந்து நாகரிகமும் படிப்பிக்கும் ஆசிரியராக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால் சிறப்புப் பாடமாகவே எடுங்கள். பட்டத்துக்குப் பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் செய்யவேண்டி வரும். அந்த முடிவு இன்னும் வரவில்லை என்றால் சமூகவியலையோ வரலாற்றையோ சிறப்பாக எடுத்து, சமயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

பொதுப் பட்டம் மூன்று வருடம், 90 திறமைப் புள்ளி (credit). சிறப்புப் பட்டம் நான்கு வருடம், 120. முதல் வருடத்தில் பெரும்பாலும் மூன்று பாடங்கள் எடுப்பார்கள்; அந்தப் பெறுபேற்றை வைத்துத்தான் சிறப்புக் கற்கைக்கு எடுப்பார்கள். முதல் வருடத்தில் தொடாத பாடத்தை இரண்டாம் வருடத்தில் கேட்டால் கிடைக்காது. பலர் சறுக்குவது இங்கேதான். எந்தப் பாடத்தோடு எந்தப் பாடம் சேரும் என்பதைப் பதிவு நாளுக்கு முன்பே பீடத்தின் கைநூலில் பாருங்கள். 3 புள்ளிப் பாடம் என்றால் விரிவுரை 45 மணித்தியாலம். மொத்தம் 150 என்று கணக்கு. மிச்சம் 105 உங்கள் சொந்த வாசிப்பு.

இந்து நாகரிகத்துக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகமும். சைவசித்தாந்தத்துக்குத் தனித் துறை யாழ்ப்பாணத்தில் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகம் மலையகத்து வீட்டுக்குக் கிட்ட. பௌத்தம், இஸ்லாமிய நாகரிகம், மெய்யியல், சமூகவியல் அங்கே பலமானவை.

பல்கலைக்கழகத்துச் சமயப் படிப்பை அறநெறி வகுப்பின் தொடர்ச்சி என்று நினைத்துப் போகாதீர்கள். உதாரணத்துக்கு, சிவனொளிபாதமலையில் இருப்பது ஒரே பாதச் சுவடு. பௌத்தர் புத்தருடையது என்கிறார்கள், சைவர் சிவனுடையது, முஸ்லிம்கள் ஆதமுடையது. "யாருடையது?" என்று பல்கலைக்கழகத்தில் கேட்கமாட்டார்கள். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை இத்தனை பேரும் ஒரே படியில் எப்படி ஏறுகிறார்கள், ஒவ்வொருவரும் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் நம்பிக்கையை நிரூபித்து எழுதும் விடைக்குப் புள்ளி விழாது.

மொழிதான் அடுத்த மலை. வகுப்பு தமிழில் நடந்தாலும் ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். முதல் வருடத்திலேயே கிழமைக்கு ஒரு கட்டுரையாவது முழுதாக வாசித்துப் பழகுங்கள். சமஸ்கிருதமும் கொஞ்சம் தெரிந்தால் சிறப்புக் கற்கையில் கை கொடுக்கும்.

நமக்கு இருக்கும் பெரிய சொத்து தேயிலைத் தோட்டம். கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை) தொடங்குமுன் கத்தியை வைத்துக் கும்பிடும் கவ்வாத்துச் சாமி, தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவலான ரோதைமுனி, மாசியில் கம்பம் ஊன்றித் தொடங்கும், காமன் ரதி கதையை ஆடும் காமன் கூத்து: இவற்றைப் பற்றியெல்லாம் இன்னும் எவ்வளவோ எழுதவேண்டும். ஆய்வுக்குப் போகும்போது முதலில் கோயில் தலைவரிடமும் பூசாரியிடமும் அனுமதி கேளுங்கள். கேட்குமுன் போனை நீட்டாதீர்கள். கதையை மட்டும் பதிந்துகொண்டு வந்தால் பாதி வேலைதான். தப்புப் பறை அடிப்பவர் எங்கே நிற்கிறார், யார் வீட்டுக் காசு, எந்த லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் வேஷம் கட்டுகிறார்கள், பெண்கள் எதுவரை வரலாம் என்பதை அன்றிரவே நேரம் போட்டு எழுதிவிடுங்கள்.