நிலநடுக்கமும் காந்தமானியும்

கேள்வி: நிலநடுக்கத்தின்போது பூமியின் காந்தப்புலம் மாறுகிறதாமே? அதை அளந்து முன்கூட்டியே எச்சரிக்க முடியாதா?

பதில்: மாறுவது உண்மை; ஆனால் மிகச் சிறிதளவே. பாறைகளிலுள்ள மாக்னடைட் போன்ற கனிமங்கள், தம் மீதான அழுத்தம் மாறும்போது காந்தத்தன்மையையும் சற்றே மாற்றிக்கொள்கின்றன. பூமியின் காந்தப்புலம் சுமார் 50,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) என்றால், இம்மாற்றம் பெரும்பாலும் ஓரிரு நானோடெஸ்லாதான். சூரியனால் எழும் அன்றாட ஏற்ற இறக்கமே இதைவிடப் பன்மடங்கு பெரிது. சூரியனின் தாக்கம் இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே பதியும்; ஆகவே, தொலைவிலுள்ள இன்னொரு காந்தமானியின் (காந்தப்புலத்தை அளக்கும் கருவியின்) அளவைக் கழித்துப் பார்க்கிறார்கள். போதாக்குறைக்கு, நிலம் குலுங்கும்போது கருவியின் கம்பிச்சுருளும் சேர்ந்து அசைந்து, இல்லாத மாற்றத்தை இருப்பதாகக் காட்டிவிடும்.

எச்சரிக்கை பற்றிய நம்பிக்கையை வளர்த்தது, 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவின் லோமா பிரியேட்டாவில் நிகழ்ந்த 6.9 அளவு நிலநடுக்கம். அதன் மையத்திலிருந்து 7 கிலோமீட்டர் தொலைவில், கொராலிட்டோஸில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வைத்திருந்த கருவி, மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட காந்தப்புல அலைவுகள் சுமார் மூன்று மணி நேரம் முன்பே பெருகியதைப் பதிவுசெய்திருந்தது. 2009இல் அப்பதிவை மறுபடி ஆராய்ந்தவர்களோ, அது கருவிக் கோளாறாகவே இருக்கக்கூடும் என்றனர். பக்கத்திலேயே இரண்டாவது கருவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், இந்த விவாதம் இருபது ஆண்டுகள் இழுத்திருக்காது.