ஆல்ப்ஸில் பனிச்சறுக்குக்கு எந்த மாதம் நல்லது?

கேள்வியை முதலில் ஒருமுறை எழுதிவிடுகிறேன். பிராங்ஃபர்ட்டில் வேலை பார்க்கும் கணவன் மனைவி. பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளைகள் இல்லை. ஒரு வாரம் விடுப்பை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இருவரும் ஸ்கீயில் இதுவரை கால் வைத்ததே இல்லை. கிறிஸ்துமஸா, பிப்ரவரியா, மார்ச்சா என்று கேட்கிறார்கள். அலுவலகத்தில் எல்லோரும் பிப்ரவரி என்கிறார்களாம்.

நான் மார்ச் என்பேன். அதிலும் மார்ச் இரண்டாவது வாரம். கூடவே ஒரு நிபந்தனை: நீங்கள் தங்கும் கிராமமே கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மாதத்தை மட்டும் பார்த்து உயரத்தைப் பார்க்காமல் பணம் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சூரிச்சுக்கு வந்து மூன்று வருடம் கழித்து, 2016 கிறிஸ்துமஸ் வாரத்தில் முதல் தடவையாகப் பனிச்சறுக்கப் போனோம். மகளுக்கு அப்போது நான்கு வயது. சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு அழகான கிராமம், விளம்பரப் படத்தில் கூரையெல்லாம் வெள்ளை. போய் இறங்கினால் பளீரென்று வெயில், சுற்றிலும் காய்ந்த பழுப்புப் புல். அந்த டிசம்பர் சுவிட்சர்லாந்தில் மிக மிக வறண்ட டிசம்பர்களில் ஒன்று. இயந்திரத்தால் அடித்த செயற்கைப் பனி மட்டும் ஒரு பாய் விரித்த மாதிரி மலையில் இறங்கியது. ஊரில் இருந்த அத்தனை பேரும் அந்த ஒரே பாயில்தான் சறுக்கினார்கள். காலையில் அது கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. மகள் விழுந்தாள், பின்னால் வந்த ஒருவர் அவள் மேல் மோதாமல் இருக்கத் திரும்பி அவரும் விழுந்தார். பெரிய அடி ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு அடுத்த குளிர்காலம் முழுக்க அவள் அந்தப் பூட்ஸைத் தொடவே மறுத்துவிட்டாள். முதல் அனுபவம் ஒரு ஆளை இந்த விளையாட்டுக்குள் இழுக்கவும் செய்யும், வெளியே தள்ளவும் செய்யும். அதனால் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

2019 மார்ச்சில்தான் மறுபடி கிளம்பினோம். சூரிச் மாநிலப் பள்ளிகளில் ஆண்டுக்கு இரண்டு 'ஜோக்கர் நாள்' உண்டு, காரணம் சொல்லாமல் பிள்ளைக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். வெள்ளியும் திங்களும் எடுத்து நான்கு நாளாக்கி அரோசா போனோம். கூர் நகரத்திலிருந்து குட்டி ரயில் ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து ஏறி, சுமார் 1,775 மீட்டரில் கொண்டுபோய் விடும். ரயில் கிளம்பும் இடத்தில் மக்கள் ஸ்வெட்டரோடு காபி குடிக்கிறார்கள், இறங்கும் இடத்தில் இடுப்பளவு பனி. அந்த நான்கு நாளில் மகள் நீலச் சரிவில் (எளிதான சரிவுக்கு இங்கே நீல அடையாளம்) தனியாக இறங்கிவிட்டாள். திறமை கூடியது என்பதைவிட, பயப்பட எதுவும் இல்லாமல் போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, ஏன் மார்ச்?

நிறைய பேர் குளிர் அதிகமான மாதத்தில்தான் பனியும் அதிகம் என்று நினைக்கிறார்கள். 2,000 மீட்டருக்கு மேலே அப்படி இல்லை. நவம்பரிலிருந்து விழுவதெல்லாம் உருகாமல் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். அதனால் அங்கே பனியின் ஆழம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில்தான். தாழ்வான இடங்களில் கதை வேறு. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6 டிகிரிக்குச் சற்று மேல் குறையும். மலைமேல் பனியாக விழும் அதே மேகம் அடிவாரக் கிராமத்தில் மழையாகக் கொட்டிவிடும். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூல் உலகப் புகழ்பெற்ற பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும் ஊர், ஆனால் ஊர் இருப்பது 760 மீட்டரில்தான். நல்ல குளிர்காலத்தில் அது சொர்க்கம். மார்ச்சில் நான் அங்கே முன்பதிவு செய்ய மாட்டேன்.

அடுத்தது வெளிச்சம். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று போய்ப் பார்க்கும் வரை தெரியாது. டிசம்பர் கடைசியில் பகல் எட்டரை மணி நேரம்தான். குறுகிய பள்ளத்தாக்காக இருந்தால் மதியம் மூன்று மணிக்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அதன் பிறகு எங்கும் ஒரே வெளிர் சாம்பல். மேடும் பள்ளமும் தெரியாது, கால் மட்டும் திடீரென்று கீழே போகும். பழகியவர்கள் உடம்பால் சமாளிப்பார்கள், நம்மால் முடியாது. மார்ச் நடுவில் பகல் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம். சூரியனும் உயரமாக நிற்பதால் சரிவின் ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு தெளிவாகத் தெரியும்.

குளிரும் அப்படித்தான். ஜனவரியில் 2,500 மீட்டரில் மைனஸ் 15 என்பது சாதாரணம், காற்று வேறு அடிக்கும். புதியவர்கள் நிறைய நேரம் நின்றுகொண்டும் விழுந்துகொண்டும்தான் இருப்போம். நாற்காலி லிப்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் விரல் மரத்துப் போகும். கற்றுக்கொள்ளும் ஆசையை முதலில் சாப்பிடுவது அந்தக் குளிர்தான்.

பிப்ரவரி பற்றி உங்கள் அலுவலகத்தில் சொன்னது பனியைப் பொறுத்தவரை உண்மை. தாழ்ந்த ஊர், உயர்ந்த ஊர் இரண்டிலும் பனி இருக்க வாய்ப்பு அதிகமுள்ள மாதம் அதுதான். ஆனால் அந்த மாதத்தில் ஐரோப்பாவே மலைக்கு ஏறுகிறது. பிரான்ஸில் நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து இரண்டிரண்டு வாரம் விடுமுறை விடுகிறார்கள், சேர்த்துப் பார்த்தால் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் தொடக்கம் வரை கிட்டத்தட்ட நான்கு வாரம். சூரிச்சில் இரண்டு வாரம். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஒரு வாரம். ஆஸ்திரியாவில் மாநிலங்களைப் பிரித்து வாரம் வாரமாக. இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு நடுவில் ஒரு வாரம். அறை வாடகை ஏறும் என்பதைவிட, தொடக்கநிலைச் சரிவில் கூட்டம் நெரியும் என்பதுதான் என் கவலை. பயிற்சி வகுப்பில் ஆள் கூடக் கூட, ஆசிரியர் உங்களைப் பார்க்கும் நேரம் குறையும். உங்களுக்குப் பள்ளி நாள்காட்டியின் கட்டு இல்லை. அப்படிப்பட்டவர்கள் பிப்ரவரியில் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

ஜனவரிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, சுமார் ஜனவரி 8-லிருந்து பொங்கலைத் தாண்டி மாதக் கடைசி வரை மலை அமைதியாக இருக்கும். சுவிஸ்காரர்கள் இதை 'யானுவார்லோஹ்' என்பார்கள், ஜனவரிப் பள்ளம் என்று அர்த்தம். கிறிஸ்துமஸ் செலவில் பை காலியாகி, யாரும் எங்கும் போகாத நேரம். பனி உலர்ந்து மாவு மாதிரி இருக்கும், வாடகையும் இறங்கும். நீங்கள் ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவர்களாக இருந்தால் இந்த வாரங்களைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். இரண்டு எச்சரிக்கை. டாவோஸில் உலகப் பொருளாதார மன்றம் கூடும் வாரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள், அறையே கிடைக்காது. இன்னொன்று, ஜனவரியில் பெரும்பனி விழுந்தால் ஊரே பூட்டிக்கொள்ளும். 2018 ஜனவரியில் சாலையும் ரயில் பாதையும் மூடப்பட்டு, செர்மாட் என்ற சுவிஸ் மலைக் கிராமத்தில் சுமார் 13,000 பயணிகள் வெளியே வர முடியாமல் இருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் வாரம் வேண்டாம். என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. 2023 ஜனவரி 1 அன்று சுவிட்சர்லாந்தின் டெலமோன் ஊரில் 20 டிகிரியைத் தாண்டியது. அதே மாதம் அடெல்போடனில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில், புல்வெளிக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டையில் வீரர்கள் இறங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. செயற்கைப் பனிக்கும் குளிர் வேண்டும். ஈரமில்லாத காற்றும் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழான குளிரும் இல்லாமல் அந்த இயந்திரங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வாரம்தான் கிடைக்கும் என்பவர்கள் வால் தோரான்ஸ் (2,300 மீட்டர்), ஓபர்குர்கல் (1,930), செர்வினியா (2,050) மாதிரி உயரமான கிராமமாகப் பார்த்துப் போகலாம்.

மார்ச்சுக்கு வருகிறேன், அதற்கென்று ஒரு நாள் ஒழுங்கு உண்டு. இரவில் உறைந்த பனி காலை ஒன்பது மணிக்குக் கெட்டியாக இருக்கும். சூரியன் பட்டதும் மேலே ஒரு விரல்கடை இளகும். அதை இங்கே 'ஃபிர்ன்' என்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் ஸ்கீ தானாகவே திரும்பும், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. கிழக்கு பார்த்த சரிவுகள் முதலில் இளகும், மேற்கு பார்த்தவை பிற்பகலில். வடக்கு பார்த்தவை நாள் முழுக்க உலர்ந்தே இருக்கும். ஒன்றரை மணிக்கு மேல் தாழ்வான சரிவுகளில் பனி கூழாகிவிடும். களைத்த காலோடு அதில் சறுக்கினால் முழங்காலுக்கு ஆபத்து, ஸ்கீ சிக்கிக்கொண்டு கால் மட்டும் திரும்பும். அதனால் காலை வகுப்பை முடித்து, இன்னும் ஒரு மணி நேரம் சறுக்கிவிட்டு நிறுத்திவிடுங்கள். மதியம் மலை உணவகத்தின் வெளித்திண்ணையில் உட்கார்ந்து சூப் குடிப்பதும் இந்தப் பயணத்தின் பாதி சுகம்தான்.

சன்ஸ்கிரீன் கட்டாயம். நம் நிறத்துக்குத் தேவையில்லை என்று நானும் கணவரும் பூசாமல் போய், இரண்டாம் நாள் மூக்கும் கன்னமும் உரிந்து எரிந்தது. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்திலேயே அடிக்கும். மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும்கூடப் பூசுங்கள். நல்ல கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்.

தேதி குறிக்கும் முன் ஈஸ்டர் எப்போது என்று ஒருமுறை பாருங்கள். 2027-இல் அது மார்ச் 28, அதனால் மார்ச் கடைசி வாரம் விலை ஏறும். 2028-இல் ஏப்ரல் 16, மார்ச் முழுக்க உங்களுக்குத்தான். ஏப்ரலில் போகிறீர்கள் என்றால் 2,000 மீட்டருக்கு மேல் நிறைய சரிவு உள்ள இடம் மட்டும்.

ஊர் ஒன்று சொல்லச் சொன்னால் அரோசாவையே சொல்வேன். பிராங்ஃபர்ட்டிலிருந்து கூர் வரை ரயிலிலேயே வந்துவிடலாம், கார் தேவையில்லை. சனி அல்லது ஞாயிறு வந்து சேருங்கள், குழு வகுப்புகள் பெரும்பாலும் திங்களன்று தொடங்கும். சனிக்கிழமை பல ஊர்களில் வார வாடகைக்காரர்கள் மாறும் நாள், சாலையில் நெரிசல் இருக்கும், சரிவில் ஆள் குறைவு. பூட்ஸை முதல் நாள் மாலையே வாடகைக்கு எடுத்து, அறையில் அரை மணி நேரம் போட்டு நடந்து பாருங்கள். கணுக்கால் எங்காவது அழுத்தினால் உடனே மாற்றித் தருவார்கள். ஐந்து நாளும் சறுக்க வேண்டும் என்று இல்லை, மூன்றாம் நாள் கால் கெஞ்சும். அன்றைக்கு ஒரு பொட்டலம் கடலையோடு அங்கே காட்டுக்குள் இருக்கும் அணில் பாதையில் நடந்துவிட்டு வாருங்கள். கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் அணில் வந்து உள்ளங்கையிலிருந்தே எடுத்துக்கொண்டு போகும்.