எண்ணெய், மை, மந்திரிச்ச தண்ணி: நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சியிடம் கேளுங்க

திருநெல்வேலி டவுன்ல முப்பது வருசத்துக்கு மேல நாட்டு மருந்துக் கடை வச்சிருக்கேன். எங்க அப்பா காலத்துல பத்தியத்துக்கும் பிரசவ மருந்துக்கும்தான் சாமான் கேட்டு வருவாங்க. இப்ப போனை நீட்டி, "இதுல சொல்லுத வசிய எண்ணெய்க்கு என்னென்ன வேணும்?"னு கேக்காங்க. தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, விளக்குக்கு ஐங்கூட்டு எண்ணெய் வீட்டுலயே கலக்கணும். குலதெய்வம் கோயிலுக்கும் கொண்டுபோகணும். என்ன அளவு?

நல்லெண்ணெய், நெய், விளக்கெண்ணெய், இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெய். சில வீட்டுல ஒண்ணை விட்டுட்டு தேங்காயெண்ணெய் சேப்பாங்க. அளவு ஆளுக்கு ஆள் மாறும். என் கணக்கு 1 லிட்டருக்கு நல்லெண்ணெய் 500 மில்லி, இலுப்பெண்ணெய் 200, விளக்கெண்ணெய் 150, நெய் 100, வேப்பெண்ணெய் 50. விளக்கெண்ணெய் கூடிட்டா கெட்டியா நின்னு திரியில ஏறாது, சுடர் சுணங்கிப் போகும். வேப்பெண்ணெய் கூடினா வீடெல்லாம் வாடை. நெய்யை உருக்கி ஊத்துங்க தாயி, இல்லைன்னா மார்கழியில பாட்டில் அடியில உறைஞ்சு உக்காந்துக்கிடும். இது விளக்குக்கு மட்டும்தான், நாக்குல வைக்கக் கூடாது.

கேள்வி (அம்பாசமுத்திரம்): திருஷ்டிக்கு நிலைவாசல்ல தடவ, துளசியும் வேப்பிலையும் நாயுருவியும் நல்லெண்ணெயில போட்டு வச்சேன். பத்து நாள்ல பூசணம் பூத்து நாறுது. யாரும் ஏவல் கீவல் வச்சிருப்பாங்களோ?

ஏவலும் இல்லை, ஒண்ணும் இல்லை. இலையில இருந்த தண்ணி. பச்சை இலையை அப்படியே எண்ணெயில ஊறப்போட்டா கெடத்தான் செய்யும். ஒண்ணு, நிழல்ல காயவச்சு, கையில நொறுக்கினா சரசரன்னு பொடியுத அளவுக்கு ஆனதும் போடுங்க. இல்லை, முறையாக் காய்ச்சுங்க.

தைலத்துக்குப் பழைய கணக்கு இது: அரைச்ச விழுது ஒரு பங்கு, எண்ணெய் நாலு பங்கு, சாறோ கஷாயமோ பதினாறு பங்கு. அடிகனமான உருளியில, சிறுதீயில வைக்கணும். அவசரப்பட்டா அடி பிடிச்சு எண்ணெய் கருகிரும். முதல்ல சலசலன்னு கொதிச்சு, தண்ணி சுண்டச் சுண்ட சத்தம் அடங்கி, மேல நுரை கட்டி வரும். நெய்யா இருந்தா நேர்மாறு, பதம் வந்ததும் நுரை அடங்கும். அப்ப கரண்டியால கொஞ்சம் வண்டலை எடுத்து, ஆறவிட்டு, ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டுங்க. சேறு மாதிரி ஒட்டினா இன்னும் நேரம் இருக்கு. மெழுகு மாதிரி திரியா உருண்டு வந்தா பதம். அந்தத் திரியைத் தீயில காட்டுங்க. சடசடன்னு வெடிச்சா உள்ள தண்ணி நிக்கி. சத்தமில்லாம எரிஞ்சா இறக்கி வடிகட்டலாம். எங்க அப்பா காதைப் பக்கத்துல வச்சுக் கேப்பாரு. நான் எட்டி நின்னே கேக்கேன், ஒருதரம் மீசை பொசுங்கியிருக்கு.

மந்திரம் எப்பச் சொல்லணும்னு கேப்பீங்க. கிண்டுத நேரமெல்லாம் சொல்லலாம், அடுப்பை விட்டுட்டுப் போகாம இருக்க அதுவும் ஒரு வழிதான்.

கேள்வி (விக்கிரமசிங்கபுரம்): ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போவோம். அங்க நாயுருவிச் செடிக்குக் காப்புக் கட்டி, மந்திரம் சொல்லி சாபம் போக்கி, நகம் படாம ரெண்டு வேர் எடுத்துட்டு வரலாமா?

முறையெல்லாம் சரியாத்தான் சொல்லுதிய: மஞ்சள் நூல் காப்பு, இரும்பு படக்கூடாது, ஆணிவேர் அறக்கூடாது. ஆனா கோயிலைச் சுத்திக் கிடக்கது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988லயே அறிவிச்சாச்சு. அங்க ஒரு இலையைக் கிள்ளினாலும் வனத்துறை கேள்வி கேக்கும். நாயுருவி உங்க ஊர் வாய்க்கா வரப்புலயே வேட்டியில ஒட்டிக்கிட்டு வருமே, அதுக்குக் காடு எதுக்கு? காப்பை அதுக்குக் கட்டுங்க.

வெள்ளெருக்கு வேர் தோண்டினா ஒரு எச்சரிக்கை: பால் கண்ணுல பட்டா கருவிழியே வீங்கிப் பார்வை மங்கிரும். எடுத்த கையோட கண்ணைக் கசக்காதீங்க.

கேள்வி (பேர் வேண்டாம்): ஒரு பொண்ணு... வசிய மருந்து செய்யணும். புனுகு, கோரோசனை, நரிக்கொம்பு கிடைக்குமா?

தம்பி, வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகர்ஷணம், பேதனம், வித்வேஷணம், மாரணம்னு மாந்திரீக வேலை எட்டு, அட்டகர்மம்னு பேரு. வர்றவங்க அத்தனை பேரும் முதலாவதைத்தான் கேக்காங்க. நரிக்குக் கொம்பே கிடையாது, நரிக்கொம்புன்னு விக்கது தோலையும் மயிரையும் ஒட்டுன வேலை. அதுல அசல் நரித்தோல் இருந்தா இன்னும் மோசம், வனவிலங்குச் சட்டத்துல மாட்டிக்கிடுவ. சந்தனமும் ஜவ்வாதும் தாறேன், பூசிக்கிட்டுப் போ, வாசமாவது இருக்கும்.

சோத்துல, டீயில, ஜூஸ்ல எதையும் கலந்து கொடுக்க மட்டும் நினைக்காத. வீடியோவுல ஊமத்தை விதையும் குன்றிமணியும் சர்வசாதாரணமாச் சொல்லுதாங்க. ஊமத்தை உள்ள போனா வாய் வறண்டு, கண்மணி விரிஞ்சு, ஆள் பிதற்றும், உயிரும் போகும். அரைச்ச குன்றிமணிக்கு மாத்து மருந்தே கிடையாது. இந்த மாதிரி கேட்டு வந்தா என் கடையில ரெண்டும் கிடையாது.

கேள்வி (சேரன்மகாதேவி): மாமியார் வீட்டுல எனக்கு மருந்து வச்சுட்டாங்கன்னு சொல்லுதாங்க. எந்நேரமும் வயித்துல எரிச்சல். மருந்து எடுக்க ஆள் இருக்காமே?

ஆள் நிறைய இருக்கு. நாலஞ்சு வருசம் முந்தி ஒரு அம்மா, வயித்துல இருந்து எடுத்ததுன்னு ஒரு உருண்டையை வெத்திலையில மடிச்சு என் கடைக்குக் கொண்டுவந்தா. மாத்து மருந்து வேணுமாம். தராசுத் தட்டுல போட்டு கரண்டிக் காம்பால அமுக்கிப் பார்த்தேன். கொட்டை எடுத்த புளி, ரெண்டு தலைமயிர், ஓரத்துல துளி மெழுகு. வயித்துக்குள்ள மாசக்கணக்கா கிடந்த புளி புதுப்புளி வாசம் அடிக்குமா? எடுத்தவன் வாய்க்குள்ள முன்னாடியே ஒதுக்கி வச்சிருந்திருக்கான். அதுக்கு அவ கம்மலை அடகு வச்சிருந்தா. பெறகு பெரியாஸ்பத்திரியில குழாய் விட்டுப் பார்த்ததுல குடல் புண்ணு. நீயும் முதல்ல அங்க போ தாயி. மாமியார் சங்கதியை வந்து பேசிக்கிடுவோம்.

கேள்வி (தென்காசி): மூணு மாசக் குழந்தைக்குத் தோசம் தட்டாம வசம்பு உரைச்சு, வேப்பெண்ணெய் ஒரு சொட்டு கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது, ரெண்டையுமே. வேப்பெண்ணெய் குடிச்சு பச்சைப்பிள்ளைக்கு வலிப்பு வந்து மூளை வரைக்கும் பாதிச்சிருக்கு. "பேர் சொல்லாதது" (இருட்டுன பெறகு எங்க ஆச்சி அதை வசம்புன்னு சொல்ல விடமாட்டா) தொட்டில் கயித்துல கட்டுங்க, பிள்ளை வாய்க்கு எட்டாத உயரத்துல.

கேள்வி (வள்ளியூர்): கண் மை வீட்டுல எப்படி எடுக்க? அதையே வெத்திலையில தடவி திருட்டுப்போனதைப் பார்க்கலாமாமே?

வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாத்துல நனைச்சுக் காயவச்சுத் திரி போடுங்க. விளக்கெண்ணெய் விளக்கு. மேல செம்புத் தட்டைக் கவுத்து வச்சா ராத்திரிக்குள்ள கரி படியும். வழிச்சு, நெய்யில குழைச்சுக்கிடுங்க. அஞ்சனக்கல்லுன்னு கல்லைப் பொடிச்சுச் சேக்காதீங்க, ஈயம் கலந்திருந்தா கண்ணு வழியா உடம்புக்குள்ள போகும். திருட்டைப் பார்க்கதுக்கு, விளக்கு வெளிச்சத்துல பளபளக்குத கருப்பு மையை அரைமணி நேரம் முறைச்சா யாருக்கும் ஒரு முகம் தெரியத்தான் செய்யும். பெரும்பாலும் ஏற்கெனவே பிடிக்காதவன் முகம்.

கேள்வி (கடையநல்லூர்): நான் காய்ச்சுத எண்ணெயை ஆன்லைன்ல விக்கலாமா?

விளக்குக்கு ஊத்துத எண்ணெயை விளக்குக்குன்னே சொல்லி வில்லு. இதைத் தேய்ச்சா சர்க்கரை நோய் போகும், மந்திரிச்சதுன்னு விளம்பரம் போட்டியோ, 1954ம் வருசத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு: மருந்து, மாயப் பரிகார விளம்பரங்களுக்குன்னே போட்டது. தாயத்துக்கும் அது பொருந்தும்.

கேள்வி (மேலப்பாளையம் பக்கம்): திருஷ்டிக்குன்னு உங்க கடையில வாங்குன ஆகாச கருடன் கிழங்கு, வாசல்ல கட்டி ஒரு மாசமாச்சு. துளிர்க்கவே இல்லை. செய்வினைதானே?

அது தண்ணியில்லாம துளிர்க்கது தனக்குள்ள சேத்து வச்ச ஈரத்துல. வெட்டுப்பட்ட கிழங்கா இருந்தா துளிர்க்காம வதங்கிரும். அடியில கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க, மெத்துனு உள்ள போச்சுன்னா அழுகல். என் தப்புதான், கடைக்கு எடுத்துட்டு வாங்க, வேற தாறேன். ஞாயித்துக்கிழமை வேண்டாம், கூட்டமா இருக்கும்.