ஏழு அடி தண்ணீரில் ஃபிளாஷர் ஏன் சிவந்துபோகிறது?

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கிறேன். யாரோ பாவித்த வட்ட ஃபிளாஷர் ஒன்றை (ஒலி அனுப்பி, தண்ணீருக்குள் இருப்பதை வட்டத்தில் நிறக் கோடுகளாகக் காட்டும் கருவி) வாங்கி, சிம்கோ ஏரியின் குக்ஸ் பே பக்கம் ஐஸில் துளையிட்டு பெர்ச் மீன் பிடிக்கப் போகிறேன். முப்பது அடி ஆழத்தில் அருமையாக வேலை செய்தது. கரைப்பக்கம் ஏழு அடியில் வைத்தால் வட்டம் முழுக்கச் சிவப்பு. தரை 7-இலும் காட்டுகிறது, 14-இலும் காட்டுகிறது. என் ஜிக் (ஈயம் பொருத்திய தூண்டில் கொக்கி) எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கருவி பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது இல்லை. முப்பது அடியில் சரியாகக் காட்டியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழுதான கருவி அங்கேதான் முதலில் தடுமாறும். உங்களுடையது ஏழு அடிக்குத் தேவையானதைவிடப் பலமாகக் கத்துகிறது, அவ்வளவுதான்.

சாமான் இறக்காத புது வீட்டுக்குள் நின்று உரக்கப் பேசிப் பாருங்கள். பேசி முடித்த பிறகும் சுவர்கள் பேசிக்கொண்டிருக்கும். ஏழு அடி தண்ணீரும் அப்படித்தான். மேலே ஐஸ் கூரை, கீழே தரை. உறையும் நிலையில் இருக்கும் நன்னீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் போகிறது. ஏழு அடி இறங்கித் திரும்ப அதற்கு வேண்டியது விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. பலம் மிச்சமிருந்தால் அது ஐஸின் அடிப்பக்கத்தில் முட்டி, மறுபடி தரைக்குப் போய்த் திரும்பி வரும். நீங்கள் 14-இல் பார்க்கும் ‘தரை’ அதுதான். கருவி காட்டும் ஆழ அளவை 20 அடியில் வைத்திருப்பீர்கள், அதனால் இரண்டாவது எதிரொலியும் வட்டத்துக்குள் வந்து விழுகிறது. அதைப் பகையாக நினைக்க வேண்டாம்: ஒரே கெயினில் (எதிரொலியைக் கருவி பெருக்கிக் காட்டும் அளவு) அது பளிச்சென்று தெரியும் இடத்தில் அடி கெட்டியாக இருக்கிறது, மங்கும் இடத்தில் சேறு.

சரி, சரிசெய்வது எப்படி? நம் கை தானாகவே கெயினைக் கூட்டத்தான் போகும். அதை முதலில் நிறுத்துங்கள். கருவியில் குறைந்த பவர் நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். ஆழமற்ற நீருக்காகவும் பாசிக்காகவுமே வைத்தது அது. அப்புறம் கெயினை அடிமட்டத்துக்கு இறக்கி, ஜிக்கைத் தரையிலிருந்து இரண்டடி மேலே நிறுத்துங்கள். இனி திருகை மெல்ல, நகத்தின் அகலம் நகத்தின் அகலமாகக் கூட்டுங்கள். ஐந்தடிக்கு அருகே மயிரிழை போல ஒரு பச்சைக் கோடு மினுங்கும். தூண்டிலை ஓரங்குலம் தூக்கினால் அதுவும் கூடவே ஏறும். அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். ஜிக் பச்சையாக இருந்தால்தான் பக்கத்தில் வரும் பெர்ச் ஆரஞ்சாகி, பிறகு சிவப்பாகத் தடிப்பது கண்ணுக்குப் படும். ஜிக்கே சிவப்பாக இருந்தால் மீன் வந்தாலும் அதுவும் சிவப்புத்தான். எத்தனையோ பேர் மீனுக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு மீன் இல்லை என்று எழுந்து போவது இதனால்தான். எனக்கு அதைப் பார்க்கும்போது மனசு பொறுக்காது.

இவ்வளவு செய்தும் ஜிக் தெரியாவிட்டால் ஒரு கேள்வி: ட்ரான்ஸ்டியூசரை (ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்கும் பகுதி) ஒரு துளையிலும் தூண்டிலைப் பக்கத்துத் துளையிலும் விடுகிறீர்களா? ஒலி கூம்பு போல விரிந்து இறங்குகிறது. 20 டிகிரி கூம்பு முப்பது அடியில் பத்தடிக்கு மேல் அகலமாக இருக்கும், பக்கத்துத் துளை ஜிக்கையும் பிடித்துவிடும். ஏழு அடியில் அதன் அகலம் இரண்டரை அடிதான், நடுவிலிருந்து பார்த்தால் ஒன்றே கால் அடி. மூன்றடி தள்ளி விட்ட ஜிக் அதற்கு வெளியே. ஒரே துளையில் இரண்டையும் விடுங்கள். 9 டிகிரி ட்ரான்ஸ்டியூசர் வாங்கச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால், இந்த ஆழத்துக்கு வேண்டாம் என்பேன். ஏழு அடியில் அது பார்ப்பது ஓரடிக்குச் சற்றுக் கூட, அவ்வளவே. சரிவான தரைக்கும் ஆழத்துக்கும்தான் அது உதவும்.

ட்ரான்ஸ்டியூசர் தொங்கும் விதத்தையும் பாருங்கள். அதன் முகம் ஐஸின் அடிமட்டத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே, சாயாமல் இருக்க வேண்டும். துளைக்குள்ளேயே நின்றால் ஒலி சுவரில் முட்டி மேல்பகுதி முழுக்கக் குப்பையாகத் தெரியும். ரொம்ப இறக்கினாலும் நட்டம்: முகத்துக்குக் கீழே முதல் ஓரடி அளவுக்குக் கருவி தன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கும், அங்கே மீன் தெரியாது. ஏழு அடியில் ஓரடி பெரிய இழப்பு. துளையில் மிதக்கும் ஐஸ் குழம்பை ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிட்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடியே கட்டைவிரலால் ஒருமுறை வழித்துவிடுங்கள், ஒட்டிய காற்றுக்குமிழ் போய்விடும். வெளியே எடுத்தபோது முகத்தில் ஐஸ் படிந்திருந்தால் கத்தியால் சுரண்டாதீர்கள். திரும்பத் தண்ணீருக்குள் விட்டால் தானே கரையும்.

குக்ஸ் பேயின் தெற்குப் பக்கம் பாசி அதிகம். அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் கோடு பாசி, உங்கள் கையோடு அசைவது ஜிக், நீங்கள் சும்மா இருக்கும்போது அசைவது மீன். பாசியைத் தேடி ஹாலந்து ஆறு வந்து சேரும் வாய்ப்பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். ஓடும் நீருக்கு மேலிருக்கும் ஐஸை நம்பக்கூடாது. மற்ற இடத்திலும் தெளிந்த ஐஸ் குறைந்தது 15 செ.மீ. இருக்கிறதா என்று துளைத்துப் பார்த்தே நடங்கள்.

கோடுகள் நிற்காமல் சுற்றிச் சுழன்றால் அது வேறு சங்கதி. பக்கத்துக் கூடாரத்துக் கருவியும் அதே அலைவரிசையில் பேசுகிறது. குறுக்கீடு தடுக்கும் பொத்தானை ஒவ்வொரு படியாக அழுத்துங்கள், படம் தெளிந்ததும் நிறுத்துங்கள். அதே பாட்டரியில் ஃபோன் சார்ஜ் ஏறுகிறது என்றால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் சரிவராவிட்டால், கருவியை ஓடவிட்டு ட்ரான்ஸ்டியூசரைக் காதருகே பிடியுங்கள். டிக் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலோ, வயரை இணைப்புப் பக்கம் அசைக்கும்போது விட்டுவிட்டுக் கேட்டாலோ, அதே வகைக் கருவி வைத்திருக்கும் நண்பரின் ட்ரான்ஸ்டியூசரை மாட்டிப் பாருங்கள். அதில் படம் வந்தால் மாற்ற வேண்டியது ட்ரான்ஸ்டியூசர் மட்டும்தான், முழுக் கருவியும் அல்ல.